மலையகத்தாரின் ஈறும் உலகத்தாரின் பாடமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல் மருத்துவம் படித்த எவரிடமாவது 8, 81, 11 என்று மூன்று எண்களைச் சொல்லிப் பாருங்கள். ஈறுநோய்ப் பாடத்தில் உருப்போட்டதும் வாய்மொழித் தேர்வில் திணறியதும் அவர்களுக்கு நினைவு வரும். வழக்கமான பல் பராமரிப்பு எதுவுமே இல்லாத ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு 8 பேருக்கு ஈறுநோய் விரைந்து முற்றும். 81 பேருக்கு நிதானமாக முற்றும். 11 பேருக்கு ஈறு சிவந்து வீங்குவதோடு நின்றுவிடும். பல நாட்டுப் பாடநூல்களிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. அந்தக் கூட்டம் எது என்று மட்டும் தேர்வில் யாரும் கேட்பதில்லை. இலங்கை மலையகத்தில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்த 480 ஆண்கள்தான் அவர்கள். தமிழர்கள்.

அழைப்பிதழில் ‘பொதுச் சுகாதாரமும் வாய் நலமும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அத்தனை அகலமான தலைப்பை ஒரு மணி நேரத்தில் உழுது முடிக்க முடியாது. அந்த 480 பேரைப் பிடித்துக்கொண்டே போகிறேன். பொதுச் சுகாதார ஆய்வின் பெருமையும் சிறுமையும் அவர்கள் கதையிலேயே போதுமான அளவு இருக்கின்றன.

பல் மருத்துவம் படிக்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பல் எலும்புக்குள் ஆணி அடித்தாற்போல் நிற்பதில்லை. வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் பிணைத்திருக்கின்றன. துலக்காத பல்லில் கிருமிப் படலம் படியும். நாளாக ஆக அது கெட்டித்துக் காரையாகும். அதை ஒட்டிய ஈறு வீங்கும், துலக்கினால் இரத்தம் கசியும். சிலருக்கு அதோடு போய்விடும். பலருக்கு நார்கள் அறுந்து, ஈறு வேரைவிட்டு விலகி, எலும்பு கரைந்துகொண்டே போகும். இதில் வலி இல்லை என்பதுதான் வினை. சொத்தைப் பல் இரவில் தூங்க விடாது. ஆளைத் தானாகவே நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும். ஈறுநோய்க்காரர் பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் வருவார். காரையைச் சுரண்டி எடுத்தால், “சும்மா இருந்த பல்லைக் கிளீனிங் பண்ணி ஆட விட்டுட்டாங்க” என்பார். எலும்பு ஏற்கெனவே போய்விட்டது, இவ்வளவு நாளும் பல்லைத் தாங்கிப் பிடித்திருந்தது அந்தக் காரைதான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும்.

படலம்தான் நோய்க்குக் காரணம் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அறுபது ஆண்டுகளுக்கு முன் அது அவ்வளவு உறுதியாகவில்லை. ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஒரு சோதனை நடத்தி, அதை 1965-இல் வெளியிட்டார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போலச் சரியாகிவிட்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் நடந்த அழகான சோதனை அது. ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் மாணவர்களை அப்படி விட்டுவைக்க முடியுமா? முப்பது ஆண்டு துலக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஆர்ஹூஸில் கேட்க வழியில்லை. அதைக் கேட்கும் இடமாக லோவுக்குத் தோட்டம் கிடைத்தது.

1969-இல் ஆஸ்லோவில் மாணவர்களும் கல்வியாளர்களுமாக 565 ஆண்களை லோவின் குழு சோதித்தது. பிள்ளைப் பருவத்திலிருந்தே ஒழுங்கான பல் பராமரிப்பு கிடைத்தவர்கள் அவர்கள். மறு ஆண்டு இலங்கையில் 480 பேர். பல் நோய்த் தடுப்பையோ சிகிச்சையையோ ஒருமுறைகூடச் சந்திக்காதவர்கள் என்று ஆய்வுக் கட்டுரை அவர்களை அறிமுகப்படுத்துகிறது. 1970, 1971, 1973, 1977, 1982, 1985 என ஆறு தடவை சோதனை நடந்தது. பதினைந்து ஆண்டுகளும் அளந்தவர்கள் அதே இருவர்தான்.

இந்தக் கடைசிச் செய்தியை மாணவர்கள் வேகமாகக் கடந்துபோகக் கூடாது. அளக்கும் கோல் ஊசிபோல மெல்லியது. மில்லிமீட்டர்க் கோடுகள் போட்டிருக்கும். அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்க வேண்டும். பல்லின் வெண்மை முடிந்து வேர் தொடங்கும் விளிம்பை விரல்நுனி உணர்வால் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து ஈறு எவ்வளவு கீழே பிடித்திருக்கிறது என்று படிக்க வேண்டும். காரை மண்டிய வாயில் அந்த விளிம்பே தட்டுப்படாது. கொஞ்சம் அழுத்தினால் ஒரு மில்லிமீட்டர் கூடும், கோல் சாய்ந்தால் ஒன்று குறையும். கடைவாயின் ஞானப்பற்களை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு பல்லிலும் இரண்டு பக்கம் அளந்தார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் நகரும் நோயைப் பிடிக்க வேண்டுமென்றால் கை மாறக் கூடாது. அந்த இரண்டு பேரின் கை மாறவில்லை. ஆய்வாளனாக அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். பிறகு சொல்லப்போகும் குறைகளை இந்த மரியாதையோடு சேர்த்துக் கேளுங்கள்.

என்ன கண்டார்கள்? நாற்பது வயதை நெருங்கும்போது நார்வேக்காரர்களின் பற்களில் பிடிப்பு சராசரியாக 1.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அது 4.5. ஆனால் சராசரிக்குள்ளே இருந்த வேறுபாடுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எல்லார் வாயிலும் ஒரேபோல அழுக்கு, ஒரேபோலக் காரை, ஏறக்குறைய எல்லா ஈறுகளிலும் வீக்கம். அப்படியிருந்தும் 8 விழுக்காட்டினருக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கியது. 35 வயதில் 12 பற்கள் போயின. 40-இல் 20 பற்கள். 45-இல் வாய் முழுக்கப் பொக்கை. நடுவிலிருந்த 81 விழுக்காட்டினருக்கு முப்பதுக்குப் பிறகுதான் பல் விழத் தொடங்கியது; 45 வயதில் சராசரியாக 7 பற்கள் இல்லை. மீதி 11 விழுக்காட்டினர் ஏறக்குறைய ஒரு பல்லைக்கூட இழக்கவில்லை.

துலக்காதவருக்கெல்லாம் பல் போகும் என்று அதுவரை நாம் மிரட்டிக்கொண்டிருந்தோம். 1986-இல் இந்தக் கட்டுரை வந்த பிறகு கேள்வியே மாறியது. ஒரே அழுக்கில் ஒருவர் பல் ஏன் விழுகிறது, பக்கத்து லயத்துக்காரர் (தோட்டத்து வரிசை வீட்டுக்காரர்) பல் ஏன் நிற்கிறது? உடம்பின் எதிர்ப்புத் திறன், பரம்பரை, புகையிலை, சர்க்கரை நோய் என்று பின்னால் நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைத் துரத்தியதுதான். கட்டுரை வந்தபோது லோ அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். 2010-இல் பழைய 480 பேரில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது வயதில் பிடிப்பு இழப்பு 2 மில்லிமீட்டரைத் தொடாதவர்களுக்கு அறுபதிலும் பற்கள் தங்கும் வாய்ப்பு மிகுதி என்று தெரிந்தது. இளம் வயதில் காரையை எடுத்து ஈறு வீக்கத்தைத் தணித்தால் பெரும்பாலானோருக்கு அதுவே போதும் என்பது இதன் பொருள். அதற்கு லேசரும் வேண்டாம், பல் பொருத்தும் அறுவை சிகிச்சையும் வேண்டாம்.

இன்னொரு விஷயத்தை அந்தக் கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த வாய்களில் சொத்தை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால்தான் விழுந்த பற்களையெல்லாம் ஈறுநோய்க் கணக்கில் தயங்காமல் எழுத முடிந்தது. துலக்காத வாயில் சொத்தை இல்லையா என்று கேட்பீர்கள். சொத்தைக்குக் கிருமி மட்டும் போதாது. அதற்குத் தீனி வேண்டும், அந்தத் தீனி சர்க்கரை. எழுபதுகளின் இலங்கையில் சீனி பங்கீட்டுப் பொருளாக இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

இந்தச் சர்க்கரைக் கதையின் மறுமுனையில் இருப்பது ஸ்வீடன். லுண்ட் நகரத்தில் விபெஹோல்ம் என்ற மருத்துவமனை. மனவளர்ச்சி குன்றியவர்களை அடைத்துவைத்திருந்த இடம். நாற்பதுகளின் நடுவிலிருந்து அங்கே இருந்தவர்களுக்கு விதவிதமாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பல்லில் ஒட்டிப் பிடிக்கும் டாஃபி, சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரங்களில். அவர்கள் பற்கள் அழுகின. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எவ்வளவு தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டி நிற்கிறது என்பதுதான் முக்கியம் என்று 1954-இல் முடிவு வெளியானது. ஸ்வீடன் பிள்ளைகள் வாரத்தில் ஒரே நாள், சனிக்கிழமை மட்டும், மிட்டாய் தின்னும் வழக்கம் இதிலிருந்து பரவியது. ஊருக்கு நன்மைதான். பல்லைக் கொடுத்தவர்களுக்குச் சம்மதமா இல்லையா என்று சொல்லக்கூட வாய்ப்பு இருக்கவில்லை.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. விபெஹோல்மில் நோயை உண்டாக்கினார்கள். தோட்டத்தில் யாரும் எதையும் உண்டாக்கவில்லை, இருந்ததை அளந்தார்கள். அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்ச் சிகிச்சையை மறைத்துவைத்து நாற்பது ஆண்டுகள் வேடிக்கை பார்த்த ஆய்வு 1972-இல் அம்பலமானது. மலையகத்தில் இரண்டாம் சோதனைக்கும் மூன்றாம் சோதனைக்கும் இடைப்பட்ட ஆண்டு அது. அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். அளக்க வந்த இருவரும் தேர்ந்த ஈறு மருத்துவர்கள். காரையைச் சுரண்டும் வேலை அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. அதைச் செய்துவிட்டால் ஆய்வு கெட்டுவிடும். பதினைந்து ஆண்டு ஆய்வு நிலைப்பதற்கு அந்த வாய்கள் பதினைந்து ஆண்டும் அப்படியே இருந்தாக வேண்டும். மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சின்கி நெறிமுறை 1964-லேயே வந்துவிட்டது. பின்னாளில் திருத்தப்பட்ட அதன் வடிவங்கள், ஆய்வுக்கு உட்பட்டவர்களுக்கு அதன் பலன் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. இன்றைக்கு இதே திட்டத்தோடு நம் நெறிமுறைக் குழு முன்னால் ஒருவர் வந்து நின்றால், முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்புவோம்.

என்னை அதைவிட உறுத்துவது வேறு. அந்த ஆய்வு வரிசைக்கே ‘மனிதரில் ஈறுநோயின் இயல்பான போக்கு’ என்றுதான் பெயர். தலையீடு ஏதும் இல்லாத இயற்கை நிலை என்ற நினைப்பு அதில் இருக்கிறது. மலையகத்தில் அந்த நிலை எப்படி வந்தது? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்கு பிரித்தார்கள். 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். லயத்தில் ஒரே அறையில் ஒரு குடும்பம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் வடிகான் வெட்டவும் விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். நாள் சம்பளம். காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி உண்டு. பல்லுக்கு ஒன்றும் இல்லை. ஆய்வு நடந்த அதே ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973–74-இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினி போட்டது. 1977-லும் 1983-லும் தமிழர்கள் மீது வன்செயல் நடந்தது. 1970-இல் வாயைத் திறந்து காட்டிய 480 பேரில் 1985-இல் வந்தவர்கள் 161 பேர்.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? அந்தப் பதினைந்து ஆண்டுகளில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக வந்த லட்சக்கணக்கானோரில் அவர்களில் சிலரும் இருந்திருக்கலாம். தாயகம் திரும்பியவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ அதுதான். கூடலூரிலும் கோத்தகிரியிலும் பல் முகாம் நடத்தியிருக்கும் மாணவர்களே, உலகப் பாடநூலில் எண்ணாக இருக்கும் ஒருவரின் பேரனுக்கு நீங்கள் மாதிரிப் பற்பசை கொடுத்துவிட்டு வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே, ஈறு விலகும் வேகம் உடம்பின் போக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் வாய் நாற்பத்தைந்து வயது வரை மருத்துவரையே பார்க்காமல் இருந்தது சட்டமும் கூலியும் செய்த வேலை. கட்டுரைகள் முதலாவதை மில்லிமீட்டரில் அளந்தன. இரண்டாவதைப் பின்னணி என்று ஒரு பத்தியில் முடித்தன. வாய் நல ஆய்வு இரண்டையும் ஒரே கவனத்தோடு அளக்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

அப்படி அளக்க முனைந்த ஆய்வும் இலங்கையிலேயே நடந்திருக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்த தாம்பூலம் தோட்டத்தில் பசி மறக்கும் மருந்து, குளிருக்கு இதம். அதோடு வாய்ப் புற்றும் வந்தது. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல்தான் அழுத்தமாக எழுதியது. அதற்கு இருபது ஆண்டு முன்பே பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பல் மருத்துவர் போக முடியாத ஊருக்கு, ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் அடிப்படைச் சுகாதாரப் பணியாளரையே அனுப்பினார்கள். வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் வெளிச்சத்தில் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். ஓராண்டில் 28,000-க்கும் மேற்பட்டோரைப் பார்த்தார்கள். பணியாளரின் கண் நம்பத்தக்கது என்று நிரூபணமானது. 1984-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளியானது.

இதே யோசனையைப் பெரிய அளவில் திருவனந்தபுரத்தில் சோதித்தார்கள். 13 பஞ்சாயத்துகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. டார்ச் விளக்கு ஒன்று, கன்னத்தை விலக்க விரல், பயிற்சி பெற்ற கண். இவ்வளவுதான் செலவு. அதன் பிறகு இந்தியா முப்பது வயதுக்கு மேற்பட்டோர் எல்லாருக்கும் வாய்ப் புற்றுப் பரிசோதனை என்று கொள்கையாகவே அறிவித்தது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஒருமுறையாவது அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பெண்களில் 0.9 விழுக்காடு, ஆண்களில் 1.2. நம்மிடம் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன என்பதையும் இதன் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

2021 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை வாய் நலத்துக்கென்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பல்லைத் தனியாக ஒதுக்காமல் எல்லாருக்குமான பொது மருத்துவத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றது அது. அதை முன்மொழிந்து நடத்திச் சென்ற நாடு இலங்கை. அடுத்த ஆண்டு வந்த உலக அறிக்கை, ஏதாவதொரு வாய் நோயுள்ளவர்கள் உலகில் சுமார் 350 கோடிப் பேர் என்றது. 2030-க்குள் உலக மக்களில் 80 விழுக்காட்டினருக்கு அடிப்படை வாய் மருத்துவ சேவை உரிமையாக வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. இலக்குகளை நம்பாதவன் நான். 1981-இல் வைத்த இலக்கு ஒன்றும் உண்டு. 2000-க்குள் 12 வயதுப் பிள்ளைக்குச் சொத்தையும் அடைப்பும் விழுந்ததும் சேர்த்துச் சராசரியாக மூன்று பற்களுக்கு மேல் கூடாது என்றார்கள். பல நாடுகள் எட்டின, சர்க்கரை புதிதாக நுழைந்த நாடுகள் பின்னோக்கிப் போயின. இலக்கு எண்ணைச் சொல்லும்; வழியை உள்ளூர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வழியைத் தேடும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 1984-இன் அந்த இலங்கை ஆய்வில், திட்டு இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் மேல் பரிசோதனைக்குப் போனார்கள். மற்ற பாதிப் பேர் போகவில்லை. நம் முகாம்களிலும் இதே கதைதான். பேனர் கட்டி, படம் எடுத்து, சீட்டு எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். கல்லூரி வாசலில் அந்தச் சீட்டோடு வந்து நிற்பவர் எத்தனை பேர் என்று எண்ணுவதில்லை. வால்பாறையிலோ கூடலூரிலோ ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு வாங்கிக்கொண்டு வராமல் போனவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். அரை நாள் கூலி போகும் என்பதாலா, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று மாமியார் சொன்னதாலா, பஸ் இல்லாததாலா, கல்லூரியில் பத்துப் பேர் சுற்றி நின்று வாயைப் பார்த்த அவமானத்தாலா? ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனித் தீர்வு இருக்கிறது. சம்பள நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் டிஸ்பென்சரியிலேயே காரை எடுக்கும் நாற்காலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டு சீட்டோடு வந்தவர் எத்தனை, மறு ஆண்டு எத்தனை என்று அளந்து எழுதுங்கள். காரையை எடுத்துவிட்டே அளக்கலாம். இந்த ஆய்வு அதனால் கெட்டுப்போகாது. இந்த அறக்கட்டளையின் வருடாந்தர உதவித்தொகையை அப்படிப்பட்ட ஒரு மாணவருக்கு ஒதுக்கும்படி அதை நிறுவிய குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.